பல்பு எரிந்தாலும் தப்பு தப்புதான்

என் தங்கை சொர்ணவல்லி இதுவரை என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மீதிப் பாதிக்குச் சொன்ன பதிலை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் ஆசைத்தம்பி, மர ஆசாரி. அரியக்குடியில் எங்கள் அப்பா கருப்பையா ஆசாரி வைத்திருந்த பட்டறைதான் இப்போது என்னுடையது. காரைக்குடியைச் சுற்றி எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு கதவையாவது காட்டி, இது எங்கள் கை என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் நான் செய்ததில் ஊர் அறிந்த சாமான் கதவு அல்ல, ஒரு பலகை. அதுவும் தப்பாகச் செய்த பலகை. அந்தக் கதையைச் சொன்னால்தான் சொர்ணத்தைப் பற்றிச் சொன்னதாகும்.

என்னைவிட நாலு வயது இளையவள். சின்னதில் பட்டறையில் வந்து உட்கார்ந்துகொண்டு, உளி ஏன் சாய்வாக இருக்கிறது, தேக்கு ஏன் மணக்கிறது, ஈர மரம் ஏன் கனக்கிறது என்று அப்பாவைப் பிடுங்கி எடுப்பாள். "இவ கையில அளவுகோலக் குடுத்தா அளவுகோலையே அளந்து பாப்பா" என்பார் அப்பா. அலுத்துக்கொள்வது போலச் சொல்வாரே தவிர, வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் சொந்தத்தில் பெண் பிள்ளையை ஆசிரியப் பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அறுபத்து மூன்றில் அவளுக்குப் புதுவயலில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி அரிசி மில்லுகள். படிக்க வந்ததெல்லாம் மில்லில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். விடியும் முன்பே எழுந்து தாய்மாரோடு களத்துக்குப் போய், அவித்த நெல்லைக் காயப்போட்டுவிட்டு அப்படியே வகுப்புக்கு வருவார்கள். மத்தியானச் சோறு உள்ளே போனதும் பாதி வகுப்பு தூங்கி விழும். பிரம்பு எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு தகர டப்பாவை எடுத்தாள்.

தினக் காலண்டரில் கிழித்த தாள்களை அவள் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதி டப்பாவில் போட்டாள். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். டப்பாவைக் குலுக்கித் தாளை எடுப்பவர் கேள்வியைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு புளியங்கொட்டை. அதோடு விடமாட்டாள். "எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். அதற்குத் தானாகக் கண்டதையோ செய்ததையோ வைத்துச் சொன்னால் இன்னும் இரண்டு புளியங்கொட்டை. "நீங்கதான டீச்சர் சொன்னீக" என்றால் ஒன்றும் கிடையாது. பதிலைவிட அது தெரிந்த விதத்துக்கு இரண்டு மடங்கு என்பது அவள் கணக்கு. பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கே 'எப்படித் தெரியும்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வீட்டில் கூடினாலும் டப்பா வந்துவிடும். சீட்டுக்கட்டை எடுத்தவர்கள் மெல்ல உள்ளே வைத்துவிடுவார்கள். புளியங்கொட்டைக்குப் பதில் அங்கே சீப்புச்சீடை பரிசு. ஒருமுறை எங்கள் சுந்தரம் மாமா மாட்டிக்கொண்டார். நகை செய்கிறவர், பேச்சுக் குறைவு. சாதாரணச் சூட்டிலேயே தண்ணீர் மாதிரி ஓடும் உலோகம் எது என்று கேள்வி. "பாதரசம்" என்றார். எப்படித் தெரியும் என்றாள். மாமா இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "இந்தக் கைக்குள்ள எத்தனையோ நாளு ஓடியிருக்கு தாயி" என்றார். மூன்று சீடையும் அவருக்குத்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சீடை தின்றதை நான் பார்த்தேன்.

இப்படி ஐந்து வருஷம் ஓடியது. ஆனால் சொர்ணத்துக்கு உள்ளுக்குள் ஒரு வேதனை இருந்துகொண்டே இருந்தது. அவள் பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைக்கும்தான். ஐந்தாவது முடித்த கையோடு பெண் பிள்ளைகள் களத்துக்குப் போய்விடுவார்கள், நாள் முழுக்க வெயிலில் நடந்து காலால் நெல்லைத் துழாவுவதற்கு. நேற்று டப்பாவைச் சுற்றி அடித்துக்கொண்ட பிள்ளைகள் இன்று தலையில் துணியைப் போட்டுக்கொண்டு களத்தில் நடப்பதை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பார்க்க வேண்டியிருந்தது. அறுபத்தெட்டில், கட்டிடம் இருந்தால் ஆறாம் வகுப்புக்கு அனுமதி உண்டு என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. கட்டிடத்துக்கு எங்கே போவது?

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு பழைய பண்டகசாலை சும்மா பூட்டிக் கிடந்தது. அது நேமத்தான்பட்டி தேனம்மை ஆச்சிக்குச் சொந்தம். ஆச்சியின் மகன்தான் அங்கே மில் வைத்திருந்தார். சொர்ணம் என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஆச்சியிடம் கேட்டாள். எனக்கு அந்த வீடு பழக்கம். அப்போதுதான் இரண்டு கதவு செய்யச் சொல்லியிருந்தார்கள்.

ஆச்சி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குடுக்குறது பெருசில்ல டீச்சர். குடுத்தபொறகு பிள்ளைக வரலேன்னா அங்குட்டு நெல்லு மூட்டைதான் அடுக்கிக் கெடக்கும். களத்துப் பிள்ளைக ஆறாவது படிக்குமாக்கும்னு எனக்குத் தெரியணும். பிள்ளையார் நோன்புக்கு மெட்ராஸ்லேருந்து பேரம்பேத்தியெல்லாம் வாராக. ஒங்க பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. அந்த வெளையாட்ட ரெண்டு பக்கமும் வெளையாடட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

வெளியே வந்ததும் சொர்ணம், "பெரிய வீட்டுக்குக் காலண்டர் தாளையும் தகர டப்பாவையும் தூக்கிக்கிட்டா போறது? நல்லதா ஒண்ணு செஞ்சு தாங்கண்ணே" என்றாள். அவளுக்கும் கொஞ்சம் பகட்டு ஆசை உண்டு என்பதை இங்கே எழுதியாக வேண்டும். காரைக்குடியில் ஒரு கண்காட்சியில் பார்த்தாளாம், விளக்கு எரியும் பலகை. இடது பக்கம் கேள்விகள், வலது பக்கம் பதில்கள் இடம் மாறி இருக்கும். ஒரு கம்பியைக் கேள்வியிலும் இன்னொரு கம்பியைப் பதிலிலும் வைத்தால், பதில் சரியாக இருந்தால் பல்பு எரியும், தப்பாக இருந்தால் எரியாது.

செய்தேன். ஒரே தேக்குப் பலகை, நெஞ்சளவு உயரம். மார்கழியில் வரும் அந்த நோன்பில் திரிக்கு எடுக்கும் நூலிழை இருபத்தொன்று என்பதால் கேள்வியும் இருபத்தொன்று என்று அவள் முடிவு செய்திருந்தாள். பக்கத்துக்கு இருபத்தொரு பித்தளைக் குமிழ், கதவில் அடிக்கிற அதே குமிழ், வரிசை பிசகாமல் அடித்தேன். மேலே ஒரு டார்ச் பல்பு, பின்னால் இரண்டு பாட்டரிக் கட்டை. எந்தக் கேள்விக்கு எத்தனையாவது பதில் என்று சொர்ணம் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, பலகையைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் செம்புக் கம்பி இழுத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இருபத்தொன்றும் எரிந்தன. பிறகு பின்பக்கத்தை மூடி, ஆணியில்லாமல் மர முளை அடித்து இறுக்கிவிட்டேன். மூட்டுத் தெரிந்தால் எனக்குப் பிடிக்காது. முளையை அறுத்தால் ஒழிய யாரும் திறக்க முடியாது.

நோன்பன்று காலையில் சொர்ணம் முன்பக்கத்தில் கேள்விகளையும் பதில்களையும் அழகாக எழுதி ஒட்டினாள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கப் போனவளை நான்தான் தடுத்தேன். "சும்மாச் சும்மாத் தொட்டா கட்டை தீந்துபோகும். ஒண்ணத் தொட்டுப் பாத்தாப் போதும்" என்றேன். நடுவில் இருந்ததைத் தொட்டாள். தாஜ்மகால் எந்த ஊரில் இருக்கிறது, ஆக்ரா. பல்பு ஜம்மென்று எரிந்தது.

மில் லாரியில் பதினொரு பிள்ளைகளையும் பலகையையும் ஏற்றிக்கொண்டு நேமத்தான்பட்டிக்குப் போனோம். பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டிருந்தாள். அதில் முத்தழகு என்று ஒருத்தி, ஐந்தாவது படிப்பவள், ஒல்லி, கண் மட்டும் பெரிசு. வருகிற கோடையில் அவளும் களத்துக்குத்தான் என்று அவள் தாய் மேஸ்திரியிடம் சொல்லி வைத்தாயிற்று.

வீட்டுக்குள் வளவில், வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி, ஒரு பக்கம் ஆச்சியின் பேரன் பேத்திகள், எதிர்ப்பக்கம் எங்கள் பிள்ளைகள். நான் செய்த பலகை தூணில் சாய்ந்து நின்றது. சாயந்தரம் ஐந்து மணி இருக்கும், நோன்புக்கு இன்னும் நேரம் இருந்தது. பெரியவர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து, "பலகை நல்லாருக்கேப்பா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சொர்ணம் விளையாட்டின் விதியைச் சொல்லி, தாஜ்மகாலைத் தொட்டுக் காட்டினாள். பல்பு எரிந்ததும் மெட்ராஸ் பிள்ளைகள்கூட வாயைப் பிளந்தார்கள். முதல் ஆட்டம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஆச்சியின் மூத்த பேரன் ஞானசம்பந்தம் எழுந்து வந்தான். பன்னிரண்டு வயது, மெட்ராஸில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம்.

"பூமியைச் சுற்றி வருவது எது?" என்று கேள்வியைப் படித்தான். "நிலா" என்று சொல்லிக்கொண்டே நிலாவில் கம்பியை வைத்தான்.

எரியவில்லை.

மறுபடி அழுத்தி வைத்தான். எரியவில்லை. பையன் முகம் சிவந்துவிட்டது. எல்லாரும் பார்க்கிறார்கள் இல்லையா. கம்பியைக் கீழே ஒவ்வொரு குமிழாக நகர்த்திக்கொண்டு போனான். காந்தத்தில் இல்லை, வைகையில் இல்லை, பாதரசத்தில் இல்லை. சூரியனில் வைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"சூரியன்" என்றான் சத்தமாக.

வளவு முழுக்கக் கைதட்டல். "அதான, காலையில இங்குட்டு வந்து சாயந்தரம் அங்குட்டுப் போகுதே" என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர். ஆச்சியும் தட்டினார். சூரியன் என்பது அங்கே வேறொரு கேள்விக்கு எழுதிய பதில். எங்கோ பிசகிவிட்டது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை.

அப்போது எதிர்ப்பக்கத்தில் முத்தழகு எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது தப்பு."

"பல்புதான் எரியுதே பாப்பா" என்றார் ஆச்சி.

"பல்பு எரிஞ்சாலும் தப்புதான் ஆச்சி. நிலாதான் சுத்துது."

யாரோ சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பிள்ளை மேல்தான் கோபம் வந்தது. பலகை கெட்டுப்போனது என்று தெரிந்தால் என் பெயரும் போய்விடும், செய்யச் சொன்ன கதவுகளும் போய்விடும். சொர்ணம் என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசாதே, உட்காரச் சொல் என்று நான் தலையை ஆட்டினேன். உட்காரு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விளையாட்டு நடந்திருக்கும், அந்த வீட்டில் யாரும் எங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பண்டகசாலைக்காக எத்தனை மாதம் நடந்திருக்கிறாள். அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் பலகை சரியாக இருந்தாக வேண்டும். பலகை சரியென்றால் அந்தப் பிள்ளை தப்பு.

சொர்ணம் முத்தழகு பக்கம் திரும்பினாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"எப்படித் தெரியும் முத்தழகு?"

அந்தப் பிள்ளை யோசிக்கவே இல்லை. முற்றத்துக்கு நேர் மேலே கையைக் காட்டினாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வளவுக்கு உச்சியில், பகல் வெளிச்சத்தில் வெளுத்துப்போய், பாதி நிலா நின்றது.

"லீவு விட்டதுலேருந்து எங்க ஆத்தாளோட நெல்லுக் காவலுக்கு இருக்கேன். தினமும் சாயந்தரம் மில்லுச் சங்கு ஊதுறப்பப் பாப்பேன். சங்கு ஊதுறப்ப சூரியன் தெனமும் ஒரே எடத்துலதான் இருக்கு. நிலா அப்பிடி இல்ல. நேத்து அதே நேரம் மேற்க தள்ளி இருந்துச்சு. முந்தாநேத்து இன்னும் மேற்க. நாளைக்கு இந்நேரம் கெழக்க தள்ளித்தான் இருக்கும். அது நம்மளச் சுத்தி நடந்துக்கிட்டே இருக்கு. வேணுமின்னா நாளைக்கு இதே எடத்துல ஒக்காந்து பாருங்க ஆச்சி."

ஞானசம்பந்தம் மெதுவாக, "நானும் ஃபர்ஸ்ட் நிலான்னுதான் சொன்னேன். லைட் எரியலையே" என்றான்.

சொர்ணம் ஆச்சியைப் பார்த்து, "பலகை தப்பு ஆச்சி. பிள்ளை சொன்னதுதான் சரி. தம்பி மொதல்ல சொன்னதும் சரிதான்" என்றாள். சொல்லிவிட்டு நான் ஒரு மாதம் இழைத்த தேக்குப் பலகையைத் தூண் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தாள். பையிலிருந்து அந்தப் பழைய தகர டப்பாவை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறாள், பாருங்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. பதில் சொல்வதில் மெட்ராஸ் பிள்ளைகள் கெட்டி, மறுக்க முடியாது. ஆனால் எப்படித் தெரியும் என்றதும் "புக்ல இருக்கு" என்று நின்றுவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் குறைவு, தெரிந்ததற்கெல்லாம் காரணம் இருந்தது. இரும்பு துருப்பிடிப்பது எதனால் என்றதற்கு ஒரு பையன், மழையில் கிடந்த மில் செயினையும் எண்ணெய் போட்டு வைத்த செயினையும் ஒப்பிட்டுச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் மெட்ராஸ் பிள்ளைகளும் உஷாராகிவிட்டார்கள். ஒலி சுவரில் மோதித் திரும்பும் என்று சொன்ன ஒரு பேத்தி, எப்படித் தெரியும் என்று கேட்கும் முன்பே கிணற்றடிக்கு ஓடிப்போய்க் கத்திவிட்டு வந்தாள். எந்தக் கட்சி ஜெயித்தது என்பது இன்றுவரை தீராத வழக்கு.

நோன்புக்கு நேரமானதும் ஆச்சி எழுந்தார். எங்கள் பிள்ளைகளுக்குப் பொரியும் வெல்லமும் கொடுக்கச் சொன்னார். முத்தழகுவிடம், "நாளைக்கு இந்நேரம்னுதான சொன்னே?" என்று மட்டும் கேட்டார். பண்டகசாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லாரியில் திரும்பும்போது நான் சொர்ணத்திடம் சண்டை போட்டேன். "அத்தனை பேரு முன்னாடி எம்பலகையத் தப்புன்னு சொல்லிப்புட்டியே" என்றேன்.

"தப்பா இல்லையாண்ணே?" என்றாள்.

அவள் மடியில் முத்தழகு தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் போய்விட்டது என்று சொர்ணத்துக்கும் தெரியும். ஆனாலும் அவள் முகத்தில் ஒரு களை இருந்தது, அதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் முளைகளை அறுத்துப் பலகையைத் திறந்தேன். அரை மணி நேரம் விழித்துவிட்டுத்தான் விளங்கியது. நாங்கள் கதவு செய்கிறவர்கள். கதவுப் பலகையைக் கவிழ்க்கும்போது ஒருநாளும் பக்கவாட்டில் புரட்டமாட்டோம், கீல் பக்கம் கை மாறிவிடும். தலைமாட்டைப் பிடித்துக் கால்மாட்டுக்குக் கொண்டு வருவோம். அப்போதுதான் இடது இடதாகவே இருக்கும். இந்தப் பலகையையும் கை தன்னால் அப்படிப் புரட்டியிருக்கிறது. இடது இடதாகத்தான் இருந்தது, ஆனால் மேல் கீழாகிவிட்டது. அடியிலிருந்த குமிழை முதல் கேள்வி என்று எண்ணிக் கம்பி இழுத்திருக்கிறேன். சரிபார்த்ததும் கவிழ்ந்த நிலையில்தான். நடுவில் இருக்கும் பதினோராவது மட்டும் எப்படிப் புரட்டினாலும் நடுவில்தானே இருக்கும். அதன் பதிலும் தற்செயலாக நடுவில் விழுந்துவிட்டது. தாஜ்மகால் எரிந்த ரகசியம் அதுதான். ஒரு தச்சன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சின்ன வயதிலிருந்து மரத்தோடு கிடக்கிறவன் செய்த தப்பு. பட்டறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் ஆச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கதவு வேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். வளவில் அன்று போட்ட இடத்திலேயே அந்த நாற்காலி கிடந்தது. நாலு காலையும் சுற்றித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருந்தது.

"யாரும் இத நகத்தக் கூடாதுன்னு சொல்லிப்புட்டேன்" என்றார் ஆச்சி. "தெனமும் அதே நேரத்துக்கு வந்து ஒக்காந்தேன் டீச்சர். மொத நாளே கெழக்க போயிருச்சு. மறுநா இன்னும் கெழக்க. நேத்து அந்த ஓட்டு வரிசைக்கே போயிருச்சு. அம்பது வருஷமா இந்த வளவுல இருக்கேன். அது நடக்குறத நான் பாத்ததில்ல."

பிறகு இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியைக் கழற்றினார்.

"படிச்ச பேரனுக்கு நிலான்னு தெரிஞ்சிருக்கு. ஆனாலும் பல்பப் பாத்ததும் விட்டுட்டான். நானும் கைதட்டுனேன். ஒங்க பிள்ளை விடல. அது ஆறாவது படிக்கட்டும்."

சொர்ணம் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அப்பா செத்த அன்றும் அன்றைக்கும்தான். ஆச்சி என் பக்கம் திரும்பி, "ஆசைத்தம்பி, அந்தப் பண்டகசாலைக்கும் நீதான் கதவு போடணும். தலைகீழாப் போட்டுறாத" என்றார். விஷயத்தை அதற்குள் சொர்ணமே அவருக்குச் சொல்லியிருக்கிறாள்.

அறுபத்தொன்பது ஜூனில் ஆறாம் வகுப்பு தொடங்கியது. இருபத்து மூன்று பிள்ளைகள், அதில் பதினாலு பேர் பெண் பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் முதல் பெயர் முத்தழகு. அவள் தாயிடம் பேச சொர்ணம் எத்தனை முறை களத்துக்கு நடந்தாள் என்பது தனிக் கதை. அடுத்த மாதமே மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். தேனம்மை ஆச்சி நேமத்தான்பட்டியிலிருந்து ஆள் விட்டு, "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார்.

பலகையைச் சரிசெய்து தருகிறேன் என்று நான் பலமுறை கேட்டேன். ஒரு மணி நேர வேலை. சொர்ணம் விடவில்லை. கம்பியெல்லாம் இருந்தபடியே இருக்க, பின்பக்கத்தை மட்டும் மூடச் சொல்லி, ஆறாம் வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டாள். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வரும் பிள்ளைகளை ஒன்றும் சொல்லாமல் அதில் விளையாடவிடுவாள். பல்பு எரிவதைப் பார்த்துப் பிள்ளைகள் குதிப்பார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பாள், யாராவது ஒருவர் தப்பு என்று சொல்லும்வரைக்கும். ஒரு வருஷம் அரை நாளில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் பதினேழு நாளாகியும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பதினேழு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பதினெட்டாம் நாள் ஒரு பையன் சொன்னதும் வகுப்புக்கே சீப்புச்சீடை வாங்கிக் கொடுத்தாள்.

முத்தழகு எட்டாவது முடித்து, காரைக்குடியில் மேலே படித்து, இப்போது மதுரையில் நர்ஸ் படிப்பில் இருக்கிறாள்.

எழுபத்தாறில் ஒருநாள் நான் அந்த வகுப்பில் பெஞ்சு ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். கண்ணாடி, தோல் பை, கூடவே தலைமையாசிரியர். பலகையைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. கம்பியை எடுத்தார். பூமியைச் சுற்றி வருவது எது என்பதில் ஒன்றை வைத்தார், நிலாவில் ஒன்றை வைத்தார். எரியவில்லை. கொஞ்சம் தயங்கி நகர்த்திக்கொண்டே போனார். சூரியனில் எரிந்தது. பிள்ளைகள் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல், "பேஷ், பேஷ்" என்றார். தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. சொர்ணம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். ஜூன் மாதம், வகுப்பு தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

கடைசிப் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். களத்துப் பிள்ளை, காலில் இன்னும் தவிடு இருந்தது.

"சார், அது தப்பு."

அதிகாரி எரிகிற பல்பைப் பார்த்தார். அந்தப் பிள்ளையைப் பார்த்தார். கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"எப்படிம்மா தெரியும்?"

சொர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, கையைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் போய், அந்தப் பலகையைச் செய்தவன் நான்தான் என்று சொன்னேன்.